பட்டிப்பூ ஆறு டொலர்

ரொறன்ரோவில் மே மாதம் பிறந்தால் சுப்பர் மார்க்கெட்டுகளின் கார் தரிப்பிடம் பாதியாகக் குறைந்துவிடும். கம்பி வேலி போட்டு, பிளாஸ்டிக் கூடாரம் எழுப்பி, உள்ளே தட்டுத் தட்டாகப் பூங்கன்றுகளை அடுக்கியிருப்பார்கள். குளிர்காலம் முழுக்கப் பனி வழித்து முதுகு விட்டுப்போன குடும்பஸ்தர்கள் அந்தக் கூடாரத்துக்குள் போகும்போது முகத்தில் ஒரு பிரகாசம் இருக்கும். திரும்பி வரும்போது அது மனைவிமாரின் முகத்துக்கு மாறியிருக்கும். பற்றுச்சீட்டு மட்டும் புருஷன்மாரின் கையில் இருக்கும்.

நான் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் மகன். கூடாரத்துக்குள் நுழையும்போதெல்லாம் இதை நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொள்வேன். தோட்டம் செய்தவர் ஐயா. வீட்டில் நின்றால் துலா மிதிக்கச் சொல்வார்கள் என்ற பயத்தில் ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கூடம் போனவன்தான் நான் என்பதை என் மனைவி அதே நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி எடுத்துச் சொல்வாள்.

இந்த ஊரில் நடுகைக்கு நாள் குறித்துத் தந்தவர் விக்டோரியா மகாராணி. 1819 மே 24 அன்று அவர் பிறந்த புண்ணியத்தில், மே 25க்கு முன்னால் வருகிற திங்கட்கிழமை கனடாவில் விடுமுறை. அந்த நீண்ட வார இறுதிக்கு முன் பூங்கன்றைத் தரையில் இறக்காதே என்பது இங்கத்தைய சனங்களின் வேதவாக்கு. மே தொடக்கத்தில் நாலு நாள் நல்ல வெயில் எறிக்கும். மனம் குளிர்ந்து இம்பேஷன்ஸை நட்டு வைப்போம். ஒரு இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கும். காலையில் அத்தனையும் கறுத்துச் சுருண்டு கிடக்கும். மகாராணி 1901இல் காலமாகிவிட்டார். ஆனாலும் ஒன்ராறியோவின் பூச்செடிகள் இன்னும் அவருக்குத்தான் கட்டுப்படுகின்றன.

என் வீட்டில் வேறொருத்தியின் ஆட்சி.

“இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டு மனிசன் ஏப்ரலிலேயே நட்டிட்டார். நீங்கள் இன்னும் போனில படம் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்.”

“அது பான்ஸியப்பா. குளிர் தாங்கும். ஆனா ஜூலை வெயில் தாங்காது.”

“ஜூலையில வாறதை ஜூலையில பாப்பம்.”

பான்ஸி வந்தது. முகம் வரைந்த மாதிரி மஞ்சளிலும் ஊதாவிலும் சிரித்தது. ஜூலையில் கழுத்து நீண்டு, பூச் சிறுத்து, படுத்துவிட்டது. “நீங்கள் வாங்கினதெல்லோ, அதுதான்” என்றாள்.

பக்கத்து வீட்டு மனிசரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற பெரியவர். பான்ஸி சோர்ந்ததும் பிடுங்கிவிட்டு, நூல் பிடித்து, அளவுகோல் வைத்து, சிவப்பு ஜெரேனியத்தை ஒரே நேர்கோட்டில் நடுவார். வருடா வருடம் அதே சிவப்பு, அதே கோடு. தெரிவு செய்யும் தொல்லையே அவருக்குக் கிடையாது. மனைவியும் கிடையாது, பாவம், காலமாகிவிட்டார். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று நான் யோசித்ததை எங்கேயும் எழுதவில்லை.

எங்கள் முன்வளவு ஸ்காபரோக் கணக்கில் நல்ல அகலம்: பாய் விரித்தால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மண் களிமண். வாசல் வடக்குப் பார்த்தது. வீடு வாங்கும்போது குபேர திசை என்று மாமி மெச்சினார். குபேரன் வந்தது போனது எனக்குத் தெரியாது, வெயில் வரவில்லை. பூங்கன்றுச் சாடியில் செருகியிருக்கும் அட்டையில் ‘முழு வெயில்’ என்று போட்டிருந்தால், நாளுக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் வேண்டும் என்று அர்த்தம். எதையும் ஆராய்ந்து செய்கிறவன் நான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரச் சாய்கதிரையில் தேத்தண்ணியோடு அமர்ந்து, வளவில் வெயில் எங்கே எத்தனை மணிக்கு விழுகிறது என்று கொப்பியில் குறித்தேன். காலை விபரமும் பின்னேர விபரமும் மிகத் துல்லியமானவை. 11 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட விபரம் மட்டும் என்னிடம் இல்லை. நான் குறட்டை விட்ட விபரம் மனைவியிடம் இருக்கிறது.

முடிவு என்னவென்றால், தெருவோரத் துண்டுக்கு வெயில், வாசலடிக்கு நிழல். நிழலுக்கு இம்பேஷன்ஸை விட்டால் ஆளில்லை என்று ஒரு காலத்தில் இருந்தது. நம் காசித்தும்பையின் ஆபிரிக்க உறவு அது. காயைத் தொட்டால் அதே மாதிரி வெடித்து விதையை எறியும். 2011, 2012 அளவில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அடிச்சாம்பல் நோய் புகுந்து பாத்தி பாத்தியாக அதை அழித்துவிட்டது. இலையெல்லாம் உதிர்ந்து தண்டு மட்டும் நிற்கும். இப்போது நோய் தாங்கும் வகைகள் வந்துவிட்டன. ஆனால் அட்டையில் அது பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடியோ காரில் இருக்கும்.

சரி, ஓராண்டுப் பூச்செடி என்றால் என்ன? முளைத்து, பூத்து, விதை போட்டு, ஒரே பருவத்தில் கணக்கை முடித்துக்கொண்டு போவது. சீனியா, கொஸ்மொஸ், சூரியகாந்தி, செவ்வந்தி (இங்கே மேரிகோல்ட்) இவையெல்லாம் நியாயமாகவே அந்தச் சாதி. ஆனால் கூடாரத்துக்குள் ‘ஓராண்டுப் பூச்செடி’ என்ற பலகைக்குக் கீழே நிற்கிறவற்றில் பலவற்றுக்கு அப்படிச் சாகும் உத்தேசமே இல்லை. ஜெரேனியம் தென்னாபிரிக்காவில் வருடக்கணக்காக நிற்கிற பற்றை. பிகோனியாவும் கோலியஸும் சூட்டு நாட்டில் விட்டால் பேரன் காலம் வரை இருக்கும். ஒன்ராறியோவில் அக்டோபர் உறைபனி ஒரே இரவில் அவற்றைத் தீர்த்துக்கட்டுவதால்தான் ஓராண்டுச் செடி என்று பேர். இது செடியின் சுபாவத்தால் வந்த ஆயுள் அல்ல. நம் கடனட்டைக்கு வந்த ஆயுள்.

இந்த உண்மையை எனக்குப் படிப்பித்தவர் மாமி. கூடாரத்தில் ஒரு மேசையின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, இஞ்ச வாங்கோ. இது பட்டிப்பூ எல்லோ?”

பட்டிப்பூவேதான். தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். வெள்ளையும் ரோசாவுமாக, கழுவித் துடைத்துச் சாடியில் வைத்திருந்தது. அட்டையில் ‘விங்கா’ என்று ஒரு பேரும், 6 டொலர் என்று ஒரு விலையும்.

“ஆறு டொலரோ! ஊரில சுடலை வேலியோட நிக்கிறது. ஆடுகூட வாய் வைக்காது.”

மேசைக்கு மறுபக்கம் நின்ற விற்பனைப் பெண் சிரித்தாள். எனக்கு மானம் போய்விட்டது. பட்டிப்பூவை அப்படி இலேசாக நினைக்கக் கூடாது என்று மாமிக்கு விளக்கத் தொடங்கினேன். இங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒன்ராறியோவின் லண்டன் நகரம். அங்கே வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் நோபல் என்றொரு ஆராய்ச்சியாளர். அவருடைய சகோதரருக்கு 1952இல் ஜமேக்காவிலிருந்து தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே பட்டிப்பூவின் 25 இலைகள். அங்கே சனங்கள் நீரிழிவுக்கு அவித்துக் குடிக்கிறார்கள், என்னவென்று பாருங்கள் என்று ஒரு வைத்தியர் அனுப்பியிருந்தார். சாற்றை எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். வெள்ளை இரத்த அணுக்கள் குறைந்தன. சார்ள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளரும் சேர்ந்து அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்து 1958இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். மாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நீரிழிவுக்குக் கேட்டதோ?”

“நீரிழிவுக்குக் கேக்கேல்லை, மாமி.”

“பிறகேன் என்னட்டைச் சொல்லுறியள்?”

மாமிக்கு நீரிழிவு 20 வருடமாக. பட்டிப்பூ வாங்கினோம்.

அடுத்த மேசையில் நாயுண்ணி. தமிழ்நாட்டுக் காடுகளில் உன்னிச்செடி என்ற பேரில் யானைக்கும் மானுக்கும் புல் இல்லாமல் பண்ணிக்கொண்டிருக்கிற அதே சனியன்தான். இங்கே அதை ஒற்றைத் தண்டில் நிமிர்த்தி, தலையைக் குடையாக வெட்டி, லன்ரானா என்று நாற்பது டொலர் விலை போட்டிருந்தார்கள். மாமி விலையைப் பார்க்கு முன் நான் அவரைக் கையைப் பிடித்து அடுத்த வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவருடைய இரத்த அழுத்தத்துக்கும் மருந்து நான்தான் வாங்குகிறேன்.

அடுத்த வரிசையில் பெட்டூனியா. இதில் எனக்குப் பரம்பரை உரிமை உண்டு. பெட்டூனியா புகையிலையின் நெருங்கிய சொந்தம். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் அந்தக் குடும்பத்துக் கிளைகள்தான். அதன் இலையைத் தடவினால் விரலில் மெல்லிய பிசின் ஒட்டும், சோப்புப் போட்டாலும் உடனே போகாது. அந்தப் பிசுபிசுப்பு எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். ஐயாவின் தோட்டத்தில் புகையிலை பூக்கப் பார்க்கும்போதே நுனியை முறித்துவிடுவார்கள், சத்து இலைக்குப் போகட்டும் என்று. பக்கத்தில் வெடிக்கிற தளிர்களையும் விடமாட்டார்கள். பூ வந்தால் நட்டம். அவருடைய மகன் அதே குடும்பத்துச் செடியைக் காசு கொடுத்து வாங்கி, பூ வரட்டும் என்று நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றுகிறான். இலையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

இன்னொன்று. தொங்கும் கூடைகளில் வழிந்து பூக்கிற சர்ஃபினியா பெட்டூனியாவை 1989இல் கொண்டுவந்தது ஜப்பானின் சன்டோரி, விஸ்கி வடிக்கிற கொம்பனி. தரையில் பாயாகப் படர்ந்து 1995இல் அமெரிக்காவின் பெரிய விதைப் பரிசைத் தட்டிய ஊதா ‘வேவ்’ பெட்டூனியாவை உருவாக்கியது கிரின், பியர் வடிக்கிற கொம்பனி. எங்கள் ஊரில் புகையிலையையும் சாராயத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டவர்கள் ஆடிய ஆட்டம் எனக்குத் தெரியும். ஜப்பான்காரர்கள் அதில் பூ எடுத்திருக்கிறார்கள்.

வாசலடிப் பெரிய சாடிக்கு எதை வைப்பது என்பதில் வீட்டில் கூட்டம் கூடியது. இந்த நாட்டுத் தோட்டக்காரர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு: நடுவில் நிமிர்ந்து நின்று ஆளை அசத்துகிற ஒரு செடி, சுற்றிவர இடத்தை நிரப்ப ஒன்று, விளிம்பால் வழிந்து தொங்க ஒன்று. நான் இதை விளக்கி முடிக்க முன்னரே மகள் சொன்னாள்: “அம்மா நிமிந்து நிக்கிறது. அப்பா நிரப்புறது. அண்ணா சோபாவில தொங்குறது.” அதற்குப் பிறகு அந்தச் சாடியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. நிமிர்வதற்குக் கோழிக்கொண்டை, நிரப்புவதற்கு பிகோனியா என்று முடிவானது. தொங்குவதற்குக் கடைக்காரர் எடுத்துத் தந்தது இளம்பச்சை இலைக் கொடி ஒன்று. கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். வற்றாளங்கொடி! தமிழ்நாட்டில் சர்க்கரைவள்ளி. ஊரில் கிழங்கை எடுத்துக்கொண்டு மாட்டுக்கு எறிகிற சாமான். இதற்கும் மாமி அருகில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். (இலையழகுக்காக வளர்க்கிற வகை என்றாலும் மண்ணுக்குள் கிழங்கு வைக்கத்தான் செய்யும். சாடியைக் கவிழ்த்தபோது மாமி எடுத்து அவித்தார். ருசி பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இலை நல்ல அழகு என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.)

மகள் பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கிறாள். அவளுடைய கட்சி தேனீக் கட்சி. அடுக்கு இதழ்ப் பூ வேண்டாம் என்றாள். இதழ் கூடக்கூடத் தேனீக்கு எட்டுகிற மகரந்தமும் தேனும் குறைந்துபோகுமாம். ஒற்றை அடுக்குச் சீனியா, கொஸ்மொஸ், அதுவும் விதையிலிருந்து. நானும் உற்சாகமாகிவிட்டேன். சீனியா என்ன லேசுப்பட்டதா? 2016 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே பூத்த பூ. மேலே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கிற டப்பாவுக்குள் பூத்தது என்றால் என் நிலவறையில் பூக்காதா என்று விளக்குக் கட்டி, தட்டில் விதை போட்டு, முளைக்கவும் வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, உள்ளே வளர்ந்த நாற்றை நேரே வெளியே நட முடியாது. ஒரு வாரம், பத்து நாள், பகலில் கொண்டுபோய் வெளியே வைத்து, வெயிலும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, இரவில் உள்ளே தூக்கி வர வேண்டும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இவ்வளவு தூக்கினேனா என்று மனைவி கேட்டாள். தூக்கவில்லை. அவர்கள் உறைபனியில் சாகக்கூடியவர்கள் என்று அட்டையில் யாரும் எழுதி வைக்கவில்லை.

செவ்வந்திக்கு மட்டும் வீட்டில் எதிர்க்கட்சி கிடையாது. மனைவிக்கு நிறம், மாமிக்குச் சுவாமி, எனக்கு விலை. அதைப் பற்றியும் எனக்கு ஒரு கதை தெரியும். தூய வெள்ளைச் செவ்வந்தி கொண்டுவருபவருக்கு 10,000 டொலர் என்று அமெரிக்காவின் பேர்பீ விதைக் கொம்பனி 1954இல் அறிவித்தது. 21 வருடம் எல்லோரும் முட்டி மோதி, கடைசியில் 1975இல் பரிசை எடுத்தவர் அயோவா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றைச் சேர்ந்த அலிஸ் வொங்க் என்ற பெண்மணி. வருடா வருடம் வெளிறின பூவாகப் பார்த்து விதை எடுத்து வைத்தாராம். “பாத்தியோ, வீட்டு வளவில நிண்டே பத்தாயிரம்!” என்றேன்.

“நீங்கள் முதல் மஞ்சளா ஒண்டு வளத்துக் காட்டுங்கோ.”

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. செவ்வந்தி நட்டால் முயல் கிட்ட வராது என்று கேள்விப்பட்டு வேலியாக நட்டிருந்தேன். முயல் செவ்வந்தியைத் தாண்டிப் போய்ப் பெட்டூனியாவைத் தின்றது. இரவில் ஓடில்லா நத்தைகள் வந்து செவ்வந்தியையே தின்றன. ஒன்ராறியோவில் 2009க்குப் பிறகு வீட்டு வளவுக்கு இரசாயன மருந்து அடிக்கவும் முடியாது, சட்டம். பியரைச் சின்னத் தட்டில் ஊற்றி மண் மட்டத்துக்குப் புதைத்து வைத்தால் மணத்துக்கு வந்து விழும் என்று ஒரு வைத்தியம் உண்டு, உண்மையாகவே விழுகின்றன. ஆனால் நத்தைக்கு வாங்கிய ஆறு போத்தலில் ஐந்தைக் காணவில்லை என்ற விசாரணை அன்றிரவே தொடங்கிவிட்டது.

இத்தனைக்கும் தப்பி, ஜூன் கடைசியில் தெருவோரத் துண்டு பூத்தது. மஞ்சள், சிவப்பு, ரோசா. நான் காலையில் கோப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று, தெருவால் போகிறவர்களுக்குத் தலையாட்டத் தொடங்கினேன். மூன்றாம் நாள் வெளியே வந்தால் பூ இல்லை. முயல் இல்லை, நத்தை இல்லை. மாமி ஒரு தாம்பாளத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

மாமியிடம் ஒரு சட்டம் உண்டு: பேர் தெரியாத பூச் சுவாமிக்கு வைக்கக் கூடாது. செவ்வந்தி, பட்டிப்பூ, கோழிக்கொண்டை தெரிந்த பூக்கள். சீனியா அவர் படித்த பள்ளிக்கூடத் தோட்டத்திலேயே இருந்ததாம், ஆகவே அதுவும் தேர்வாகிவிட்டது. பெட்டூனியா மட்டும் பிழைத்தது. தினமும் விடிய ஐந்தரைக்கு அறுவடை. நான் மனைவியிடம் முறையிட்டேன், பிள்ளையாருக்கு எதிராக வழக்குப் பேசுகிறீர்களோ என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

நடந்தது என்னவென்றால், பூ குறையவில்லை, பெருகியது. ஓராண்டுச் செடிக்கு உள்ள ஒரே இலட்சியம் விதை. விதை கட்டிவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். கட்ட விடாமல் பறித்துக்கொண்டே இருந்தால், விடாப்பிடியாகப் பக்கத்தில் கிளைத்துத் திரும்பப் பூக்கும். தோட்டப் புத்தகங்கள் வாடின பூவை அப்பப்போ கிள்ளச் சொல்வது இதற்குத்தான். நான் அதைப் படித்திருந்தேன், கோடும் போட்டு வைத்திருந்தேன். மாமி படிக்காமலே பறித்தார். மாமியின் கைபடாத பெட்டூனியாதான் ஜூலைக் கடைசியில் நடுவில் மொட்டையாகி, நுனியில் மட்டும் பூ வைத்துக்கொண்டு நீண்டு கிடந்தது. அதன் நுனியை முறித்து விட்டிருக்க வேண்டியது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் மகனின் வேலை.

ஆகஸ்டில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியருகே வந்து, உங்கள் பூக்கள் மட்டும் எப்படி இப்படி விடாமல் பூக்கின்றன என்று கேட்டார். அவருடைய ஜெரேனியக் கோட்டில் காய்ந்த தலைகள் பாதி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, விதை, சத்து, கிளைப்பு என்று கால் மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினேன். எங்கள் பரம்பரை, ஐயாவின் புகையிலை, எல்லாம் வந்தது. பெரியவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “ஆனால் காலையில் நான் பார்ப்பது ஒரு அம்மாவைத்தானே?” என்றார்.

அதற்கடுத்த கிழமையிலிருந்து மாமி விடியற்காலையில் இரண்டு வளவுக்கும் போகிறார். இவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்து நிற்கிறார். காய்ந்ததைக் கிள்ளி அவருடைய வாளியிலும், நல்லதைப் பறித்துத் தன் தாம்பாளத்திலும் போடுவதென்று ஒப்பந்தம். ஒருநாள் சுவாமி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளையாரின் தலையில் சிவப்பாக ஒரு கொத்து.

“மாமி, இது ஜெரேனியம். பேர் தெரியாத பூ வைக்கக் கூடாதெண்டு சொன்னனீங்கள்?”

“ஆர் சொன்னது பேர் தெரியாதெண்டு? இது கனடாச் செவ்வரத்தை.”